பொட்டு வைத்த ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்தால் இரண்டு மரப்பெட்டிகள் நிற்கும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள். என்ன, ஸ்பீக்கரோ என்று கேட்பார்கள். ஓம் என்பேன். அடுத்ததாக விலையைக் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தேநீர் போடக் குசினிக்குள் போய்விடுவேன். விலையைச் சொன்னால் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஊரில் ஒரு கதை கிளம்பும். இவருக்கு விசர் என்று ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

இவர் என்றால் என் கணவர். எங்கள் துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்து வந்து துறையில் சேர்க்கிற படகு அது. படகு சின்னது, எஞ்சின் பெரியது. கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள் அந்த எஞ்சின் அறைக்குள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மற்றப் பெண்களைப் புருசன்மார் படத்துக்குக் கூட்டிப்போனார்கள். என்னை இவர் எஞ்சின் அறைக்குக் கூட்டிப்போனார். இறங்கின உடனேயே எனக்கு நெஞ்சு, பல், கையில் கிடந்த காப்பு எல்லாம் சேர்ந்து நடுங்கத் தொடங்கிவிட்டன. அவர் வாயைத் திறந்து திறந்து என்னவோ சொன்னார். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வெளியே வந்தபிறகுதான் விளங்கப்படுத்தினார். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதே இல்லையாம். எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்ப்பார்களாம். அவன் முகம் சுளித்தால் எஞ்சினில் ஏதோ கோளாறு. தெளிந்தால் எல்லாம் சரி. காது அங்கே சும்மா தொங்குகிற சாமான் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அது பின்னால் என் தலையில் வந்து விடியப்போகிறது என்று யார் கண்டது?

அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். நான் எதைக் கதைத்தாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புதுப்பெண்ணாக இருந்தபோது அது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வருசங்கள் போகப் போக எரிச்சல் வந்தது. சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வாருங்கள் என்று சொன்னாலும் அதே பார்வை. முகத்தில் முருங்கைக்காய் காய்த்தா தொங்குகிறது என்று கேட்டிருக்கிறேன்.

நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பித்தவள். பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது எந்த வரிசை வாங்கிலில் இருக்கிறவள் சுருதி விலகுகிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். அப்படிப்பட்ட காதுக்கு இப்படி ஒரு காது வந்து வாய்த்தது. இவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியபிறகுதான் நிலைமை எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரிந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தை வைக்கிற வைப்பில் வாசல் படலையடியில் இலை தின்ன வருகிற ஊர் மான்கள்கூடப் பயந்து ஓடின. நான் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். காலையில் தொடங்கிப் பின்னேரம் ஆகும்போது தொண்டை கட்டிவிடும். பாடுவதும் நின்றது, வானொலி போடுவதும் நின்றது. கத்திக் களைத்த மனுசிக்குச் சும்மா இருந்தாலே போதும் என்று தோன்றும்.

கடைசியில் பிடித்திழுத்துக்கொண்டு காது டாக்குத்தரிடம் போனேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் இருத்திப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகத்தான் சொன்னார். மெல்லிய சத்தங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டன. குருவிச் சத்தம், குழலின் மேல் சுரங்கள், பெண்களின் குரல். தடித்த சத்தங்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. அவையும் மெல்ல மெல்லக் குறையும். காதுக்குள் வைக்கிற கருவி கதைப்பதை விளங்கிக்கொள்ள உதவும், பாட்டுக் கேட்க அவ்வளவு சரிவராது என்றார். பெண்களின் குரல் என்றபோது இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

கருவியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்குவோம் என்றார். சாதாரணமானது இல்லை, கொழும்பில் விற்கிற ஆகத் திறமானது. ஓய்வு பெறும்போது ஒதுக்கி வைத்த காசு கிடக்கிறதுதானே என்றார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். வீட்டுக்கூரை கச்சான் காற்றுக்குக் கடகடவென்று ஆடுகிறது, குசினிச் சுவர் உப்புக்காற்றில் பொரிந்து கொட்டுகிறது, கண்டறியாத ஸ்பீக்கர்! செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலை என்று வாய்விட்டே சொன்னேன். அதை மட்டும் வடிவாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் கோபம் இறங்கிவிட்டது. பாவம் மனிசன், காது முழுதாக அடைபட முதல் ஆசைதீரப் பாட்டுக் கேட்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எத்தனை வருசம் அந்த எஞ்சினுக்குள் கிடந்து எங்களுக்குச் சோறு போட்ட காது. சரி, வாங்குவது வாங்குகிறோம், இவருக்குக் கேட்கிற ஒரு சோடியைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குத்தான் கூடப் போனேன்.

கொழும்பில் ஒரு ஒழுங்கைக்குள் மாடியில் இருந்தது அந்தக் கடை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நிலமெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. கோயில் மூலஸ்தானம் மாதிரி அமைதி. கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆட்களைப் போலவே தமிழ் கதைத்தார். நல்ல பொறுமைசாலி. ஸ்பீக்கர்களுக்கு முன்னால், சரியாக நடுவில், ஒரே ஒரு கதிரை போட்டிருந்தது. கேட்கிறவர் அதில் இருந்தால்தான் பாட்டு உள்ளபடி கேட்குமாம், கொஞ்சம் தள்ளினாலும் குறைந்துவிடுமாம்.

“நீர் இரும்,” என்றார் இவர் என்னிடம்.

கேட்கப்போகிறவர் நீங்கள், நான் ஏன் இருக்கவேண்டும் என்று கேட்டேன். சங்கீத டீச்சர் நீர்தானே என்று சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் இருந்தார். ஸ்பீக்கரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அந்தக் கடைக்காரருக்கு முன்னால், இந்த வயதில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி! எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கால் பாருங்கோ என்று கண்ணால் காட்டினேன். மனிசன் அசையவில்லை.

கொண்டுபோன இசைத்தட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றில் நாதஸ்வரமும் தவிலும், ஒன்றில் தனி வீணை, ஒன்றில் பெண் குரல். முதல் சோடி என் இடுப்பளவு உயரம். தவில் தொடங்கினதும் கதிரையே அதிர்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் ஆடுகிற இடங்களில் போடுவார்களே, அந்த அதிர்வு. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இவருக்கு இதுதான் சரி என்று உடனே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டாவது சோடி ஆள் உயரம். எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் அந்தப் பெண் குரல் பச்சை மாங்காய் கடித்த மாதிரிப் பல்லைக் கூசவைத்தது.

மூன்றாவது சோடி பார்வைக்கு ஒன்றுமில்லை. நடுத்தரமான இரண்டு மரப்பெட்டிகள், இரும்புக் கால்களில் ஏற்றி வைத்திருந்தார்கள். துணி மூடியைக் கழற்றிக் கடைக்காரர் காட்டினார். கீழே பெரிய வட்டம், அது தடித்த சத்தங்களுக்கு. மேலே பட்டுத்துணியால் செய்த சின்னக் குமிழ், அது மெல்லிய சத்தங்களுக்கு. அப்படிச் சொல்லிவிட்டு வீணையைப் போட்டார்.

என்ன சொல்ல! வீணையை அதற்கு முதல் நான் கேட்டதே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். தந்தியில் விரல் வழுக்கிப் போகிற சத்தம் கேட்டது. மீட்டின சுரம் எழும்பி, மெலிந்து, இல்லாமற்போகிற இடம்வரைக்கும் கேட்டது. பிறகு நாதஸ்வரம் வந்தது. வாசிக்கிறவர் மூச்சு எடுக்கிறார், அந்த மூச்சு எனக்குக் கேட்கிறது. ஆள் முன்னால் இருக்கிறார் என்று கையை நீட்டித் தொடலாம் போல இருந்தது. நான் எங்கே இருக்கிறேன், யாரோடு வந்தேன் எல்லாம் மறந்துபோனேன். பாட்டு நின்றபோதுதான் பார்த்தால் கன்னம் நனைந்து கிடக்கிறது.

“இதுதான்,” என்றார் இவர். முக்காலியைவிட்டு எழும்பியும்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்கள் எங்கே கேட்டீர்கள், கதிரையில் இருந்துகூடப் பார்க்கவில்லையே என்று பிடித்து இருத்தினேன். இருந்தார். கொஞ்ச நேரம் தலையாட்டினார். நல்லாயிருக்கு என்றார். நான் விடவில்லை. இந்தச் சோடியின் அருமையெல்லாம் மெல்லிய சத்தத்தில்தான் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது தடித்த சத்தம், முதலாவதைத்தான் எடுக்கவேண்டும் என்று கடையே அதிரக் கத்தினேன். பஞ்சுச் சுவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. அவருக்குக் காதில் கருவி இருந்தது, நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. திரும்பி வரும்போது கந்தளாய் தாண்டும்வரை நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காது போனது போதாதென்று வீம்பு வேறு, கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ளக் கௌரவம் விடவில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவரோ ஊர் நெருங்கி, கப்பல்துறைப் பக்கம் வந்தபோது யன்னலால் எட்டிப் பார்த்து, தூரத்தில் துறைமுகத் தண்ணீரைக் கண்டுவிட்டுச் சந்தோசமாக இருந்தார்.

பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. பக்கத்து வீட்டு மச்சாள் மணம் பிடித்த மாதிரி வந்துவிட்டாள். இவருக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. இவர் பெட்டியைப் பிரித்து, இரும்புக் காலில் ஏற்றி, வயர் பூட்டி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய சாமான் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஒரு பொட்டு வைக்கவில்லையா என்று கேட்டாள். அதுவும் சரிதானே. சைக்கிள் வாங்கினாலும் பொட்டு வைத்துத்தான் ஓடுகிறோம். குளிர்ப் பெட்டிக்கு வைத்தோம், தண்ணீர் மோட்டருக்கு வைத்தோம். இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் முகம் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

துணி மூடியில் வைத்தால் கறை பிடிக்கும். அதனால் மூடியைக் கழற்றினேன். எங்கே வைப்பது? மேலே அந்தச் சின்னக் குமிழ் நெற்றி மாதிரி வடிவாக மினுங்கிக்கொண்டிருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, பக்தியோடு அழுத்தி வைத்தேன். குமிழ் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. பொரித்த பூரியில் விரல் குத்தின மாதிரி.

ஐயோ கடவுளே, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. மச்சாள் மெல்ல நழுவிவிட்டாள். பாட்டுப் போட்டுப் பார்த்தேன். இடதுபக்கம் வீணை மணிமணியாகக் கேட்டது. வலதுபக்கம் சளி பிடித்த மாதிரி மங்கிக் கிடந்தது. நடுக்கதிரையில் இருந்தால் வீணை ஒரு பக்கமாய்ச் சரிந்து விழுந்தது. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. குமிழைத் தொடவேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லித்தானே அனுப்பினேன் என்றார். யாரிடம் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! ஒட்டுகிற டேப்பை மெதுவாக அதன்மேல் ஒட்டி, மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், அவசரப்படவேண்டாம் என்றார்.

இவர் வந்தார். நான் ஒளிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், சந்தனப் பொட்டோடு உள்ளே போய்க் கிடக்கிற குமிழையும் காட்டினேன். திட்டுவார் என்றுதான் நின்றேன். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலதுபக்கம் எப்படிக் கேட்கிறது பாருங்கள் என்று கையால் காட்டினேன். அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓம் ஓம், கொஞ்சம் மங்கல்தான் என்றார்.

எனக்கு எங்கோ பொறி தட்டியது. அவருக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணை மூடுங்கோ என்று சொல்லி, பெட்டிகளை நகர்த்துகிற மாதிரிப் போய்வந்து, திரும்பாதேயுங்கோ என்று தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் இடம் மாற்றியிருப்பேன், மாற்றாமலும் இருந்திருப்பேன், இப்போது எந்தப் பக்கம் மங்கல் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று காதுக்குள் கேட்டேன். உண்மையில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. பழுது நான் காட்டின அதே வலதுபக்கத்தில்தான் இருந்தது.

அவர் தலையைச் சரித்துச் சரித்துக் கேட்டார். திரும்பிப் பார்க்க வெளிக்கிட்டார், நான் விடவில்லை. கடைசியில் கையைத் தூக்கி இடதுபக்கத்தைக் காட்டினார்.

நான் முன்னால் வந்து கதிரையில் இருந்தேன்.

“இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு ரெண்டும் ஒண்டுதானே?”

“ஓம்,” என்றார். “கடையிலயும் மூண்டும் ஒண்டுதான். தவில் கேட்டது. மிச்சம் ஒண்டும் விளங்கேல்லை.”

“அப்ப என்னத்தைக் கண்டு மூண்டாவதை எடுத்தனீங்கள்?”

“நான் ஸ்பீக்கரை எங்கையப்பா பார்த்தனான்? உம்மட முகத்தையெல்லோ பார்த்துக்கொண்டிருந்தனான்.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்கு ஏலாது. டாக்குத்தரிடம் போய்வந்த அன்றே முடிவு செய்துவிட்டாராம். தனக்கு இனிப் பாட்டு இல்லை, அது சரி, எஞ்சினுக்குள் போனவனுக்கு அது தெரிந்ததுதான். ஆனால் தன்னோடு கத்திக் கத்தி எனக்கும் வீட்டில் பாட்டு இல்லாமற் போய்விட்டதே என்று நினைத்தாராம். எனக்கென்று சொன்னால் வாங்க விடமாட்டேன், கூரையைப் பார், சுவரைப் பார் என்பேன். தனக்கென்று சொன்னால் பாவம் பார்த்து வருவேன் என்று தெரியுமாம். எவ்வளவு கள்ள மனிசன் பாருங்கள். இத்தனை வருசமும் என் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். பிறகு இருவருமாகக் குமிழுக்கு முன்னால் குந்தி இருந்து, சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, டேப்பை ஒட்டி இழுத்தோம். எஞ்சின் பிடித்த கை, பதமாக இழுத்தார். பொசுக்கென்று வெளியே வந்துவிட்டது. ஒரு சின்ன மடிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மடிப்பு என் காதுக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

இப்போது பின்னேரம் ஆனால் நான் நடுக்கதிரையில் இருப்பேன். கடலால் காற்று வரும், யன்னலைச் சாத்திவிட்டுப் பாட்டைப் போடுவேன். சில நாள் கூடவே பாடுவேன், தொண்டை திரும்பி வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இப்படி ஒரு மனிசனைத் தந்த கடவுளுக்கு அந்த நேரம் மனதுக்குள் கோடி கும்பிடு போடுவேன். வாயால் சொல்லமாட்டேன், சொன்னால் தலையில் ஏறி இருந்துவிடுவார். அவர் காதுக் கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, முக்காலியைக் கொண்டுவந்து வலதுபக்க ஸ்பீக்கரோடு போட்டு, அதன் மரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருப்பார். நான் இப்போது அங்கால் பாருங்கோ என்று சொல்வதில்லை.

பாட்டு முடிய, “இண்டைக்கு வீணை நல்லாயிருந்தது, என்ன?” என்பார்.

ஓம் என்று தலையை ஆட்டுவேன். கத்தத் தேவையில்லை.